துள்ளிய பந்தயக் கார்களும் மில்லிமீட்டர் விதிகளும்

2022ஆம் ஆண்டு ஜூன் 12. அசர்பைஜானின் தலைநகர் பாக்குவில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம். அந்த நகர வீதித் தடத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு நேர்ப்பாதை உண்டு. கார்கள் அதில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயும். அன்று பல கார்கள் பாயவில்லை, துள்ளின. ஓட்டுநர்களின் தலைக்கவசங்கள் விநாடிக்குப் பல முறை மேலும் கீழும் ஆடியதைத் தொலைக்காட்சியிலேயே காண முடிந்தது. ஏழு முறை உலக வெற்றியாளரான லூயிஸ் ஹேமில்டன் நான்காவதாக வந்தார். பந்தயம் முடிந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு, காரிலிருந்து மிகவும் சிரமப்பட்டு இறங்கினார்.

சாலையில் பெரிய மேடு பள்ளம் இல்லை. சக்கரங்களில் கோளாறு இல்லை. அப்படியானால் 798 கிலோகிராமுக்குக் குறையாத ஒரு காரைத் தூக்கித் தூக்கிப் போட்டது எது?

காற்றுதான், மாணவர்களே. காற்றுக்கு அந்த வாய்ப்பைத் தந்ததில் அவ்வாண்டு நடப்புக்கு வந்த புதிய தொழில்நுட்ப விதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த வாரம் அந்தக் கதையையும் அதன் பின்னால் இருக்கும் அறிவியலையும் பார்ப்போம்.

தரையோடு அழுத்தும் காற்று

வளைவில் வேகமாகத் திரும்பும் காரைத் தடத்திலிருந்து நழுவவிடாமல் பிடித்திருப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. டயரைத் தரையோடு எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிப்பு கிடைக்கும். அதற்காகக் காரின் எடையைக் கூட்டினால் கார் மந்தமாகிவிடும். எடையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட வேண்டுமென்றால் காற்றின் உதவியைத்தான் நாட வேண்டும்.

விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதையே தலைகீழாகப் பொருத்தினால் காரைக் கீழே அழுத்தும். இந்த விசையைக் கீழ்நோக்கு விசை என்கிறோம். பந்தயக் காரின் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் செய்வது இந்த வேலையைத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் இறக்கையும் உண்டு. அது காரின் அடித்தளம்.

அடித்தளத்திற்கும் தரைக்கும் இடையே ஒரு குறுகிய வழி இருக்கிறது. முன்பக்கம் அகலமாகத் தொடங்கி, நடுவில் குறுகி, பின்பக்கம் மீண்டும் விரியும்படி அந்த வழியை அமைத்தால் என்ன ஆகும்? தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீறிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது பெர்னோலியின் தத்துவம். காருக்கு மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. ஆகவே கார் தரையோடு அழுத்தப்படுகிறது. இதற்குத் தரை விளைவு என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்போம். அடியில் உள்ள வழி பாதியாகக் குறுகினால் காற்றின் வேகம் இரு மடங்காகி விநாடிக்கு 120 மீட்டர் ஆகும். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோகிராம்.

அழுத்த வேறுபாடு = ½ × அடர்த்தி × (வேகங்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாடு)
= ½ × 1.2 × (14,400 − 3,600)
= 6,480 பாஸ்கல்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் இது 6,480 நியூட்டன் விசை. சுமார் 660 கிலோகிராம் எடையை அந்த இடத்தில் ஏற்றிவைத்தது போல! உண்மையான காரில் உராய்வும் ஓரக் கசிவும் உண்டு என்பதால் கணக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. ஆயினும் காற்றின் வலிமை எத்தகையது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 300 கிலோமீட்டருக்குப் போனால் விசை இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: நடுவில் துளையுள்ள ஒரு நூல்கண்டு, ஒரு சதுர அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய அட்டைத் துண்டு, ஒரு குண்டூசி.

அட்டையின் நடுவில் குண்டூசியைக் குத்துங்கள். ஊசியின் முனை நூல்கண்டின் துளைக்குள் மேல்நோக்கி இருக்கும்படி, அட்டையை நூல்கண்டின் அடியில் விரலால் பிடியுங்கள். ஊசி, அட்டை பக்கவாட்டில் நழுவாமல் இருப்பதற்கு மட்டுமே. இப்போது மேல் துளை வழியாகப் பலமாக ஊதிக்கொண்டே விரலை எடுத்துவிடுங்கள்.

அட்டை விழாது! ஊதுவதை நிறுத்தியதும் விழும்.

துளையிலிருந்து வெளிவரும் காற்று, அட்டைக்கும் நூல்கண்டுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளியில் வேகமாகப் பாய்ந்து, ஓரத்தை நோக்கிப் பரவப் பரவ வேகம் குறைகிறது. ஓரத்தில் அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திற்குச் சமம். ஆகவே வேகம் அதிகமான உள்பகுதியில் அழுத்தம் அதைவிடக் குறைவு. வெளிக்காற்று அட்டையைக் கீழிருந்து தாங்கிக்கொள்கிறது. பந்தயக் காரை நிமிர்த்தி வைக்காமல் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது போன்ற சோதனை இது. சில வேளைகளில் அட்டை ‘படபட’ என்று அதிர்வதையும் கேட்பீர்கள். அந்த ஓசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் மையம் அதில்தான் இருக்கிறது.

வந்தது, போனது, மீண்டும் வந்தது

தரை விளைவு புதிதன்று. 1970களில் இங்கிலாந்தின் லோட்டஸ் அணிக்காகப் பொறியாளர் பீட்டர் ரைட்டும் குழுவினரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காற்றின் வேகம் கூடியபோது மாதிரியின் பக்கப் பகுதிகள் தொய்ந்து தரையை நெருங்கின. கீழ்நோக்கு விசையோ எதிர்பாராத அளவு கூடியது. ஓர இடைவெளியை அட்டையால் மறைத்துப் பார்த்தபோது விசை மேலும் உயர்ந்தது. அந்த உண்மையை வைத்து உருவானவை லோட்டஸ் 78, 79 கார்கள். 1978இல் மேரியோ ஆண்ட்ரெட்டி அவற்றின் துணையோடு உலக வெற்றியாளரானார்.

காரின் ஓரங்களில் தரையைத் தொட்டுச் சரியும் ‘பாவாடை’த் தகடுகளை எல்லா அணிகளும் பொருத்தின. உள்ளே வரும் காற்று ஓரமாகக் கசியாமல் தடுப்பதே அவற்றின் வேலை. ஆனால் ஒரு தகடு சிக்கிக்கொண்டால் போதும், கீழ்நோக்கு விசை ஒரே நொடியில் காணாமற்போகும். வளைவின் நடுவே அப்படி நேர்ந்தால் ஓட்டுநரால் எதுவும் செய்ய இயலாது. 1981இல் சரியும் தகடுகள் தடைசெய்யப்பட்டன. 1983இல் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

அடித்தளத்தின் வாய்ப்புகள் சுருங்கவே பொறியாளர்கள் மேற்பகுதியின் பக்கம் திரும்பினார்கள். ஆண்டுக்கு ஆண்டு இறக்கைகளும் சிறு தகடுகளும் பெருகின. அவை தமக்குப் பின்னால் கலங்கிய காற்றை விட்டுச்சென்றன. பின்னால் வரும் காருக்கு அந்தக் காற்று உதவாது. எஃப்1 நிர்வாகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முன்னே செல்லும் காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும் கார் தன் கீழ்நோக்கு விசையில் சுமார் 35 விழுக்காட்டை இழந்தது. 10 மீட்டர் நெருங்கினால் இழப்பு சுமார் 46 விழுக்காடு. நெருங்க நெருங்கப் பிடிப்பு குறைந்தால் முந்துவது எப்படி?

இதற்குத் தீர்வாக வந்ததே 2022 விதித்தொகுப்பு. மேற்பகுதித் தகடுகள் பல நீக்கப்பட்டன. அடித்தளத்தில் வளைந்த காற்றுவழிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. மேலே சொன்ன இழப்புகள் சுமார் 4 விழுக்காடாகவும் 18 விழுக்காடாகவும் குறையும் என்று கணிக்கப்பட்டது. கார்கள் முன்பைவிட நெருங்கி ஓடவும் முடிந்தது. அந்த வகையில் விதி தன் வேலையைச் செய்தது. ஆனால் பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த முதல் பயிற்சி ஓட்டத்திலேயே பல கார்கள் துள்ளத் தொடங்கின.

துள்ளல் எப்படிப் பிறக்கிறது?

படிப்படியாகப் பார்ப்போம்.

1. நேர்ப்பாதையில் வேகம் கூடுகிறது. கீழ்நோக்கு விசையும் கூடுகிறது.
2. சுருள்வில்களும் டயர்களும் அமுங்கி, கார் தரையை நெருங்குகிறது.
3. இடைவெளி குறுகியதால் காற்று இன்னும் வேகமெடுக்கிறது. விசை இன்னும் கூடுகிறது. கார் இன்னும் தாழ்கிறது.
4. ஒரு கட்டத்தில் இடைவெளி மிகவும் குறுகிக் காற்றால் சீராகப் பாய முடிவதில்லை. காற்றோட்டம் முறிகிறது. விசை சட்டென்று குறைகிறது.
5. அமுங்கியிருந்த சுருள்வில்கள் காரை மேலே தள்ளுகின்றன.
6. இடைவெளி திறந்ததும் காற்றோட்டம் சீராகிறது. கார் மறுபடியும் கீழே இழுக்கப்படுகிறது.

பிறகு மூன்றாவது படி, நான்காவது படி என்று இது சுற்றிக்கொண்டே இருக்கும். டால்பினுக்கு உறவினமான போர்பஸ் என்ற கடல்விலங்கு நீரில் முங்கியும் எழுந்தும் நீந்துவதால், ஆங்கிலத்தில் இதற்குப் ‘போர்பஸிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை தள்ளிவிட்டால் அது மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் யாராவது தள்ளிக்கொண்டே இருந்தால் ஓயாது. துள்ளும் காரில் ஊஞ்சலைத் தள்ளும் கை, பாய்ந்துவரும் காற்று. வேகம் குறைந்தால்தான் அந்தக் கை ஓயும். அதனால்தான் நேர்ப்பாதை முடிந்து ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் துள்ளல் நின்றுவிடுகிறது.

எல்லாக் குலுங்கலும் துள்ளல் அன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரின் மரினா பே தடம் சாதாரண நாள்களில் வாகனங்கள் ஓடும் சாலை. அதிலுள்ள மேடு பள்ளங்களில் கார் குலுங்குவதற்குச் சாலையே காரணம். துள்ளலோ, கண்ணாடிபோல் வழவழப்பான சாலையிலும் வரும். பாக்குவில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஏன் முன்கூட்டியே தெரியவில்லை?

இத்தனை கணினிகள் இருந்தும் அணிகள் ஏன் இதைக் காணவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் பதிலின் ஒரு பகுதி விதிகளில்தான் இருக்கிறது. செலவைக் கட்டுப்படுத்துவதற்காக, காற்றுச் சுரங்கத்தில் உண்மை அளவில் 60 விழுக்காட்டுக்கு மேற்படாத மாதிரிகளையே பயன்படுத்தலாம். காற்றின் வேகமும் விநாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. துள்ளல் தலைகாட்டுவதோ அதைவிட மிக அதிகமான வேகத்தில். மேலும், சுரங்கத்தில் மாதிரிக் கார் ஒரு தாங்கியில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். சுருள்வில்லில் மிதக்கும் காரைப்போல அது ஆடாது.

வேறு சில விதிகளும் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தன. சக்கரத்தின் விட்டம் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டது. டயரின் பக்கச்சுவர் உயரம் குறைந்ததால், அதிர்வை விழுங்கும் மெத்தைபோன்ற பகுதியும் குறைந்தது. சஸ்பென்ஷன் அமைப்பில் அதிர்வைத் தணிக்க உதவிய சில கருவிகளும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டன. கணினியால் இயங்கும் சஸ்பென்ஷனுக்கு 1994இலேயே தடை வந்துவிட்டது. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியே நல்ல காரணம் இருந்தது. அவை ஒன்றுகூடியபோது என்ன நடக்கும் என்பதை யாரும் முழுமையாகக் கணக்கிடவில்லை.

எளிய மருந்தை ஏன் யாரும் உட்கொள்ளவில்லை?

துள்ளலை நிறுத்த ஓர் எளிய வழி இருந்தது. காரைத் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். ஆனால் உயர்த்தினால் கீழ்நோக்கு விசை குறையும், சுற்று நேரம் கூடும். ‘நான் உயர்த்துகிறேன், நீயும் உயர்த்து’ என்று போட்டியாளரிடம் சொல்ல முடியுமா? எனவே அணிகள் காரைத் தாழ்வாகவே வைத்தன. வலியை ஓட்டுநரின் முதுகெலும்பு சுமந்தது.

இப்படிப்பட்ட நிலையில்தான் பொது விதி தேவைப்படுகிறது. பாக்கு பந்தயம் முடிந்த சில நாள்களில், அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏ, ஓட்டுநர்களின் உடல்நலம் கருதித் தலையிடப்போவதாக அறிவித்தது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. துள்ளலை நன்றாக அடக்கியிருந்த அணிகளின் வாதம் இதுதான்: மற்றவர்கள் தங்கள் காரை உயர்த்திக்கொள்ளலாமே, நாங்கள் ஏன் எங்கள் வடிவமைப்பை மாற்ற வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

எஃப்ஐஏ இரண்டு வகையான விதிகளைக் கொண்டுவந்தது.

முதல் வகை, விளைவை அளப்பது. காரில் பொருத்திய உணர்கருவி மேலும் கீழுமான முடுக்கத்தைப் பதிவு செய்யும். பலமான அதிர்வுகளைக் கூட்டிப் பார்த்தால், 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு கிலோகிராமுக்கு 10 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. மீறினால் போட்டி நடுவர்களிடம் புகார் செல்லும். 2022 ஆகஸ்டில் பெல்ஜியம் பந்தயம் முதல் இது நடப்புக்கு வந்தது. காரை எப்படி வேண்டுமானாலும் வடிவமைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநரை மட்டும் இந்த அளவுக்குமேல் உலுக்காதீர்கள் என்பதே இதன் பொருள். வலி ஓர் எண்ணாக மாறியது.

இரண்டாம் வகை, வடிவத்தையே மாற்றுவது. 2023 முதல் எல்லாக் கார்களிலும் அடித்தளத்தின் ஓரம் 15 மில்லிமீட்டர் உயர்த்தப்பட்டது. பள்ளிக்கூட அளவுகோலில் ஒன்றரை சென்டிமீட்டர். அந்தச் சிறு இடைவெளி வழியே ஓரமாகக் காற்று நுழைந்ததால் தரைக்கு மிக அருகில் விசை தாறுமாறாக ஏறி இறங்குவது குறைந்தது. அவ்வாண்டு துள்ளல் பெருமளவு அடங்கியது.

பலகை சொல்லும் சாட்சி

அடங்கியதே தவிர, அழியவில்லை. ஒவ்வொரு எஃப்1 காரின் அடியிலும் 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகை இருக்கும். 1994இல் இமோலாவில் அயர்ட்டன் சென்னாவும் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் உயிரிழந்த பிறகு, கார்களை மிகத் தாழ்வாக ஓட்டவிடாமல் தடுப்பதற்காக அவ்வாண்டே கொண்டுவரப்பட்ட விதி இது. பந்தய முடிவில் பலகையின் கனம் 9 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் கார் தரையில் அதிகம் உரசியிருக்கிறது என்று பொருள். அந்தக் கார் தகுதிநீக்கம் செய்யப்படும்.

2023இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஹேமில்டனும் சார்ல்ஸ் லெக்லேரும் இப்படித் தகுதியிழந்தார்கள். 2025 நவம்பரில் லாஸ் வேகஸில் மெக்லேரன் அணியின் லேண்டோ நோரிஸ், ஆஸ்கர் பியாஸ்ட்ரி இருவரின் முடிவுகளும் நீக்கப்பட்டன. தேய்மானம் வரம்பைத் தாண்டியது ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே. எதிர்பாராத அளவு ஏற்பட்ட துள்ளலே காரணம் என்று அந்த அணி விளக்கியது. விதி நடப்புக்கு வந்த நான்காம் ஆண்டிலும், உலகின் முன்னணி அணி ஒன்றைக் காற்று திகைக்கவைத்தது.

2026 விதிகள் அடித்தளத்தை மீண்டும் பெருமளவு தட்டையாக்கி, தரை விளைவின் பங்கைக் குறைத்துவிட்டன. அடியில் இழந்ததை ஈடுகட்டப் பொறியாளர்கள் வேறெங்கோ தேடுவார்கள். அங்கே புதிய சிக்கல் முளைக்கலாம்.

விதி எழுதுபவர்கள் காரின் வடிவத்தைக் கட்டளையிட முடியும். காற்றுக்குக் கட்டளையிட முடியாது. ஆகவே ஒரு விதியை எழுதியபின் அளக்க வேண்டும், அளந்தபின் திருத்த வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதைத்தானே?

சிந்தித்துப் பாருங்கள்

1. கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது துள்ளல் ஏன் வருவதில்லை? வேகத்தின் வர்க்கத்தைக் கொண்டு விளக்குங்கள்.
2. சுருள்வில்லை மிகவும் இறுக்கமாக்கினால் கார் தாழ்வது குறையும். ஆனால் ஓட்டுநருக்கு அதனால் என்ன துன்பம்?
3. விளைவை அளக்கும் விதி, வடிவத்தைக் கட்டளையிடும் விதி. இரண்டில் எது நியாயமானது? சாலை வேக வரம்பு, வேகத்தடை ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நண்பர்களோடு விவாதியுங்கள்.

அருஞ்சொற்கள்

கீழ்நோக்கு விசை: ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்தும் விசை.
தரை விளைவு: காருக்கும் தரைக்கும் இடையில் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைந்து, கார் தரையை நோக்கி இழுக்கப்படுதல்.
துள்ளல்: கீழ்நோக்கு விசை மாறிமாறிக் கூடிக் குறைவதால் கார் மேலும் கீழும் ஆடுதல்.
காற்றுச் சுரங்கம்: மாதிரியை அசையாமல் நிறுத்தி, அதன்மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடம்.